பாடாத குழாய்க்குக் கூட்டிய சத்தம்

மேடையில் ஏறிப் பேசச் சொன்னீர்கள். எனக்கு அது வராது. நாலு பேர் முகத்தை ஒன்றாகப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவள் எழுத்து. பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் உங்கள் இசைக்குழு பாட வந்த இடத்தில் நான் முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கித்தாருக்கென்று, உள்ளே கண்ணாடி வால்வு எரிகிற ஆம்ப்ளிஃபயர் ஒன்றை உங்களில் ஒருவர் கொண்டுவந்து வைத்தார். ஸ்பீக்கர் பெட்டி தனியாக ஓரத்தில் இருந்தது. அதன் வயரை இன்னும் சொருகவில்லை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு, சத்தம் வரவில்லையே என்று அந்தப் பிள்ளை குமிழை முழுசாகத் திருகினார். நான் என்னை அறியாமல் எழுந்து கத்திவிட்டேன். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்ணும் ஆவல அம்மா, வயரு சொருகல, அவ்வளவுதான்" என்று அவர் சிரித்தார்.

ஒன்றும் ஆகவில்லைதான். ஆகியிருந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நம் ஊர்ப்பக்கம் அப்போது தமிழ்நாட்டோடு சேரவில்லை, திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தோம். எனக்குக் கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் கோட்டாற்றில் மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கூட நின்ற ஆள் கொழும்புக்குப் போய்விட்டார். குழாய் கட்ட இவர் ஏணியில் ஏறினால் கீழே செட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். குழாய் என்று நாங்கள் சொன்னது வாய் அகன்ற அந்தக் காலத்து ஒலிபெருக்கியை. பனையிலோ தென்னையிலோ உயரத்தில் கட்டுவோம். அன்றைக்கு அதுதான் உங்கள் ஸ்பீக்கர் பெட்டி. செட்டு என்று நான் சொல்வது உங்கள் ஆம்ப்ளிஃபயரை.

நான் வெளியே தெரியாமல் இருக்க, செட்டைச் சுற்றி ஓலைத்தட்டி மறைத்துக் கட்டித் தருவார். அதற்குள் நானும் செட்டும் ஒரு கார் பேட்டரியும். ஓலை இடுக்கு வழியாகத்தான் ஊரைப் பார்ப்பேன்.

அஞ்சுகிராமத்துக்கு இந்தப் பக்கம், பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஒரு ஊரில் அம்மன் கொடை, கோயில் திருவிழா. நாங்கள் வண்டியிலிருந்து இறங்கும்போதே ஒருத்தர் கேட்டார்: "ஓய், ஒரு செட்டுன்னுதானே பேச்சு? நீரு ஜோடியால்லா வந்திருக்கேரு?" எல்லோரும் சிரித்தார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தட்டிக்குள் போனவள்தான்.

ஊர்த்தலைவர் பெயர் பொன்னையா. கட்டையான ஆள், பெரிய குரல். மேலத்தெருவுக்கு ஒரு குழாய், கீழத்தெருவுக்கு ஒரு குழாய் என்று அவரே இடம் காட்டினார். ஒரு தெருவுக்கு வைத்து மறு தெருவுக்கு வைக்காவிட்டால் அந்த வருஷம் முழுக்கச் சண்டை நடக்குமாம்.

இரண்டு குழாயையும் எப்படிக் கோத்திருந்தோம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். செட்டின் முதுகில் நாலு, எட்டு, பதினாறு என்று மூன்று துளை இருக்கும். குழாய்கள் எல்லாம் சேர்ந்து என்ன எண் வருகிறதோ, அந்தத் துளையில்தான் கம்பியைச் சொருக வேண்டும். மின்சாரத்துக்கு உள்ள தடையின் கணக்கு அது, ஓம் (ohm) என்று நீங்கள் சொல்வீர்கள். எங்கள் குழாய் ஒவ்வொன்றும் எட்டு. செட்டிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கம்பி இழுத்தால் நாலாம் துளை.

"எட்டும் எட்டும் எப்பிடி நாலாவும்?" என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"ஏட்டி, கோயிலுக்கு ரெண்டு வாசலத் தொறந்து விட்டா கூட்டம் சுளுவாப் போவும்லா? தடை பாதியாப் போச்சு. அதான் நாலு."

எங்கள் செட்டில் நாலாம் துளை உடைந்து கிடந்தது. அதனால் ஒரு குழாயின் வாலில் மற்றக் குழாயைக் கோத்து, எட்டும் எட்டும் பதினாறாக்கிப் பதினாறில் சொருகியிருந்தார். கணக்கு சரிதான். ஆனால் மாலை கட்டுகிற மாதிரி ஒரே நூல் அது. எங்கே அறுந்தாலும் மேலத்தெரு, கீழத்தெரு இரண்டும் ஊமையாகிவிடும். செட்டுக்குப் பாரமே இல்லாமல் போகும்.

பாரம் இல்லாமல் வால்வு செட்டை ஓட்டக் கூடாது என்று அவர் எனக்குச் சொல்லித்தான் தட்டிக்குள் உட்காரவைப்பார். நான் அதைக் கிணற்றை வைத்துப் புரிந்துகொண்டேன். பலங்கொண்ட மட்டும் இழுக்கிற நேரம் கயிறு அறுந்தால், வாளி ஒரு பக்கம் போகும், இழுத்தவள் மல்லாந்து விழுவாள். செட்டும் அப்படித்தான். தள்ளுகிற சக்தியை வாங்கிக்கொள்ளக் குழாய் இல்லாவிட்டால் அது செட்டுக்குள்ளேயே திரும்பி அடிக்கும்.

கொடையன்று காலையில் கீழத்தெருவில் ஒரு சாவு. செத்தது தலைவர் பொன்னையாவின் கூடப்பிறந்த தங்கை. முந்தின நாள் கோயிலுக்கு மாவிளக்கு கொண்டுவந்த மனுஷி. விடியற்காலம் அடுப்படியில் சாய்ந்தவர் எழும்பவில்லை.

பந்தல்கால் நாட்டித் தொடங்கிய கொடையை நிறுத்தக் கூடாது என்பது அந்த ஊர் முறை. கட்டிக் கொடுத்த தங்கை வேறு குடும்பம், தலைவரைத் தீட்டுப் பிடிக்காது, கொடையை அவரே நின்று நடத்தலாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தார்கள். நான் ஓலை இடுக்கு வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். தீட்டுப் பிடிக்காது, சரி. துக்கமும் பிடிக்காது என்று யார் முடிவு சொன்னார்கள்? அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆவட்டும் வேய், வில்ல ஏத்துங்க" என்றார்.

செத்த அம்மாளுக்கு ஒரே மகன். தங்கராசு என்று பெயர். அவருக்குத்தான் தீட்டு. கோயில் வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது. வெளியே வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, எங்க தெருவு குழாய மட்டும் அமத்திப் போடுங்க. அம்மையக் கெடத்தியிருக்கு. உள்ள கேக்க முடியல."

"தலைவர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யுதேன் தம்பி."

இவர் போய்க் கேட்டார். "உச்சிக்கொடை முடியட்டும் ஓய். நடுவுல அமத்தினா அம்மனுக்கு ஆவாது" என்றார் தலைவர். இவர் திரும்பி வந்து அதைச் சொன்னார். தங்கராசு தன் தெருவுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மத்தியானம் உச்சிக்கொடை. வில்லுப்பாட்டுப் புலவர் அம்மன் பிறந்த கதையைப் பாடி, சாமி இறங்குகிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். பெண்கள் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று குலவை போட்டார்கள். அந்தக் குலவை குழாய் வழியாகக் கீழத்தெருவில் பாடையும் பந்தலுமாகக் கிடந்த வீட்டுக்குள் போய் விழுந்திருக்கிறது. செத்த வீட்டுக்குள் குலவைச் சத்தம் கேட்டால் ஒரு மகன் என்ன செய்வான்? தங்கராசு அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து, தெருமுக்குப் பனையில் நாங்கள் சாத்தி விட்டிருந்த ஏணியில் ஏறி, தன் தெருவைப் பார்த்த குழாயின் கம்பியில் ஒன்றை அறுத்தார். தன் தெருவுக் குழாய் மட்டும் நிற்கும் என்றுதான் நினைத்தார். வேறு என்ன நினைப்பார்? கோத்துக் கட்டியிருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஊர் முழுக்கச் சத்தம் நின்றது.

எனக்கு முதலில் காது அடைத்துவிட்டதோ என்று இருந்தது. பிறகு செட்டுக்குள்ளிருந்து சின்னக் குரல் ஒன்று கேட்டது. கொசு பாடுகிற மாதிரி. குனிந்து கேட்டால் புலவர் குரல்! குழாயில் வராத பாட்டை செட்டுக்குள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மர் இரும்பு பாடுகிறது. அதற்கு முன்னால் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

இவர் தட்டியை விலக்கி எட்டிப் பார்த்து, "நீ எதையும் தொடாத. மேலத்தெருவுல கம்பி உருவிட்டு போல, பாத்துட்டு வாறேன்" என்று மேற்கே ஓடினார். எங்கே அறுந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டும் அல்லவா நின்றிருக்கிறது.

இடுக்கு வழியாகக் கிழக்கே பார்த்தேன். பனை உச்சியில், ஏணியின் கடைசிப் படியில் ஒரு ஆள் நின்றார். ஈர வேட்டி. அது தங்கராசு என்று பிறகுதான் தெரிந்தது. சத்தம் ஊர் முழுக்க நின்றதும் அவர் பயந்துவிட்டாராம். கொடையையே நிறுத்திவிட்டோம், தெய்வக்குற்றமாகிவிட்டது என்று. கோயிலுக்குள் வந்து சொல்லலாம் என்றால் தீட்டு. அதனால் அறுத்ததைத் தானே முடிய மறுபடியும் ஏறியிருக்கிறார். கம்பியின் மேல்தோலைப் பல்லால் உரிப்பது தெரிந்தது.

அந்த நேரம் பொன்னையா தலைவர் தட்டியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் ஐந்தாறு பேர்.

"எங்கட்டி ஒம் மாப்பிள? சாமி எறங்குற நேரத்துல செட்டு ஊமையாப் போச்சே!"

"மேக்க போயிருக்காங்க" என்றேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

"இதுல சத்தத்தக் கூட்டுகது எது? இதா?" அவர் கை குமிழுக்குப் போனது.

"கூட்டாதீங்க."

அவருக்குக் கேட்கவில்லை. அல்லது கேட்டும் கேட்காத மாதிரி. பின்னால் நின்ற ஒருத்தர், "அண்ணாச்சி, நல்லாத் திருவும். பேட்டரி செத்துருக்கும்" என்றார்.

"கூட்டாதீங்க. பனையில ஆளு நிக்கி. கம்பி அவரு கையில இருக்கு."

"பெட்டப்புள்ள பேசாம இரி! கொடை நிக்குகு, பனையாம் பனை!" என்று சொல்லிக் குமிழைக் கடைசி வரை திருகினார்.

புலவர் குரல் செட்டுக்குள் கீச்சென்று அலறியது. வால்வுக்குள் நீலமாக ஒளி ஓடியது. எங்கேயோ படீரென்று ஒரு தெறிப்பு, அரக்கு கருகுகிற நாற்றம். நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பனையில் நின்றவரின் இரண்டு கையும் இரண்டு பக்கமும் நீண்டு விறைத்திருந்தன. ஒரு கையில் கம்பியின் ஒரு முனை, மறு கையில் மறு முனை. தலை பின்னால் சாய்ந்திருந்தது.

குழாய் இல்லாத இடத்தில் அவர் உடம்பு குழாயாகிவிட்டது. செட்டுக்கு ஆளும் தெரியாது, குழாயும் தெரியாது. கம்பி முனையில் எது இருக்கிறதோ அதற்குள் தள்ளும். டிரான்ஸ்பார்மருக்குள் கருகினது, கம்பிச் சுற்றுகளைப் பிரித்து வைக்கிற உள்காப்பு. பேட்டரியிலிருந்து வாங்கி நூற்றுக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தி வால்வுக்கு அனுப்புகிற மின்சாரம் குறுக்கே பாய்ந்து, அந்தக் கம்பிக்கே வந்துவிட்டது என்று பிறகு பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

குமிழைத் திருப்பலாம் என்றால் தலைவர் கை அதன்மேல் இருந்தது. அந்நிய ஆண்பிள்ளை கையைத் தொட எனக்கு அந்த நொடியிலும் கூசியது, பாருங்கள். கீழே பாய்ந்து பேட்டரியைக் கவ்வியிருந்த கிளிப்பைப் பிடுங்கினேன். தீப்பொறி பறந்து முந்தானையில் ஓட்டை விழுந்தது. செட்டு அணைந்தது.

"செட்ட நிறுத்திட்டா! ஏலே, பொம்பள செட்ட நிறுத்திட்டாலே!" என்று ஒரே கூச்சல். நான் ஓலையைக் கையால் கிழித்துக் கிழக்கே காட்டினேன்.

தங்கராசின் ஒரு கை ஏணிப் படிக்குள் மாட்டி, உடம்பு தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படி மட்டும் இல்லையென்றால் அந்தத் தெருவில் அன்று இரண்டு பாடை. என் வீட்டுக்காரர் மேற்கேயிருந்து ஓடிவந்து ஏறினார். இரண்டு பேர் ஏணியைப் பிடித்தார்கள். இறக்கிக் கிடத்தும்போது மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. முதுகைத் தட்டி, முகத்தில் தண்ணீர் அடித்து, ஒருத்தர் மார்பைத் தேய்த்தார். வெகுநேரம் போன மாதிரி இருந்தது. பிறகு ஒரு இருமல் கேட்டது.

பொன்னையா தலைவர் அங்கே ஓடவில்லை. தட்டிக்குள்ளேயே, அணைந்த செட்டின் குமிழைப் பிடித்தபடி நின்றார். மேலே தொங்கியது யார் என்று யாரோ சத்தம் போட்டுச் சொல்லியிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"நான் சத்தத்தத் தானம்மா கூட்டினேன்?" என்றார்.

புலவர் மைக் இல்லாமலே வெறும் தொண்டையில் பாடிக் கதையை முடித்தார். கொடை நிற்கவில்லை.

இத்தனை வருஷத்தில் இந்த நாளைப் பற்றிப் பல பேரிடம் பேசியிருக்கிறேன். அறுத்தவன் மடையன் என்பார்கள் சிலர். கூட்டியவர்தான் குற்றவாளி என்பார்கள் சிலர். என்னால் அப்படிச் சொல்ல முடிவதில்லை. அம்மைக்காக அறுத்தான். அம்மனுக்காகக் கூட்டினார். ஒருத்தரும் கெட்டது நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத அதிர்ச்சி. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். நல்லெண்ணத்தோடு உங்கள் செட்டைத் தொட வருகிறவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள்.

சத்தம் நின்றால் குமிழைக் கூட்டும் பக்கம் திருகாதீர்கள். குறைத்து, அணைத்து, அதற்குப் பிறகு போய் வயரைப் பாருங்கள். ஸ்பீக்கர் பெட்டியைச் சொருகின பிறகுதான் ஆம்ப்ளிஃபயரைப் போடுங்கள். கழற்றும்போது அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். பெட்டியின் பின்னால் இருக்கிற எண்ணும் ஆம்ப்ளிஃபயரின் துளை எண்ணும் ஒன்றுதானா என்று இரண்டு பேர் பாருங்கள். ஒருவர் மட்டும் பார்த்தால் போதாது. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வயர்தான். கித்தாரிலிருந்து வருகிற மெல்லிய வயரை அவசரத்துக்குச் சொருகாதீர்கள், உள்ளே அறுந்திருப்பது வெளியே தெரியாது.

நாங்கள் அதற்குப் பிறகு உடைந்த துளையைச் சரிபண்ணாமல் எந்த ஊருக்கும் செட்டு எடுக்கவில்லை. குழாய்க்குக் குழாய் தனிக் கம்பிதான். போய் இறங்கினதும் ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்து, "எந்தக் குழாயாவது வேண்டாம்னா எங்ககிட்டச் சொல்லுங்க. நீங்களே அமத்தணும்னா குழாய் வாயில சாக்க அடைச்சிடுங்க. கம்பிய மட்டும் தொடாதீங்க" என்று இவர் சொல்வார். சாவு வீட்டுக்காரர் கோயிலுக்குள் வர முடியாது என்பதால், வளாகத்துக்கு வெளியே நின்று கேட்க ஒரு ஆளையும் வைக்கச் சொல்வார். மூன்று நான்கு ஊர்களில் சாக்கு அடைத்த குழாயை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தக் கொடையன்று சாயங்காலம் நாங்கள் செத்த வீட்டுக்குப் போனோம். போகாமல் எப்படி வருவது? பெண்கள் பக்கம் ஒதுங்கி நின்றேன். தங்கராசு நீர்மாலை எடுத்து வந்தார். செத்தவரைக் குளிப்பாட்ட மகன் குளித்துவிட்டுக் குடத்தில் தண்ணீர் கொண்டுவருவதுதான் அது. தலைக்கு மேலே நாலு பேர் வெள்ளைத் துணி பிடித்து வந்தார்கள். அவருடைய வலது உள்ளங்கையில் கருத்த கோடு ஒன்று குறுக்கே போயிருந்தது. பக்கத்தில் பொன்னையா. கொடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். மேல்துண்டு இல்லை. மருமகனின் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துக் குடத்தைத் தாங்கிக்கொண்டு நடந்தார்.

வாசலுக்கு வந்ததும் தங்கராசு சொன்னார்: "விடுங்க மாமா. நான் பிடிச்சிருக்கேன்."

பொன்னையா விடவில்லை.

"மாமா, ஊரு பாக்கு. பிடிச்சிட்டேன், விடுங்க."

"இல்ல மக்கா" என்றார் அவர். காலையில் ஊரையே அதட்டிய குரலா அது என்று எனக்குத் தோன்றியது. "நீ பிடிக்கல."

நான் பார்த்தேன். தங்கராசு பிடித்திருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். மரத்துப்போன அந்த வலது கையின் ஐந்து விரலும் விரிந்தே இருந்தன.